முப்பது ஏறும் என்று சொன்ன வீடு

எத்திராஜ் கட்ட வேண்டிய பாக்கி ஒன்பது லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எட்டு ரூபாய். வாங்கிய கடனோ ஒன்பது லட்சம்தான். ஐந்து வருஷமாக ஒரு மாசம் தவறாமல் கட்டியவன். சோறு தின்றால் குறைகிறது, சோப்பு தேய்த்தால் குறைகிறது. கட்டக் கட்டக் கூடுகிற சாமானை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று அம்பத்தூரில் மாடியில் இருந்த நிழற்குடை வீட்டுக்கடன் நிறுவனத்துக்குப் படியேறினான்.

மேனேஜர் கோகுல்நாத் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

"இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல எத்திராஜ்."

"அப்ப யாரு தப்பு சார்?"

"யார் தப்பும் இல்ல. மன்றம் வட்டிய ஏத்திடுச்சு. நீங்க மாசம் கட்டுறது ஒன்பதாயிரத்து முந்நூறு. வட்டியே பத்தாயிரத்தைத் தாண்டுது. கட்டாம நிக்கிற வட்டி அசல்ல போய்ச் சேந்துக்குது."

"எப்ப சார் முடியும்?"

கோகுல்நாத் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உண்மையச் சொன்னா முடியாது. ஆனா கம்ப்யூட்டர்ல முடியாதுன்னு போட இடமில்ல. அதனால ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தி ஒன்பதுன்னு காட்டுது."

"எனுக்கு அப்ப வயசு இன்னா ஆவும்?"

"நூத்திப் பதினெட்டு. உடம்பப் பாத்துக்கோங்க."

மன்றம் என்று அவர் சொன்னது மைய நாணய மன்றத்தை. நாட்டில் எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி என்பதெல்லாம் அங்கேதான் முளைக்கிறது. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஆறு பெரிய மனிதர்கள் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூன்றாம் நாள் கதவு திறக்கும். தலைவர் பக்தவத்சலம் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒரு எண் சொல்வார். கால் சதவீதம் கூட்டினோம் என்பார், கால் சதவீதம் குறைத்தோம் என்பார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று சொல்ல வேண்டிய நாளில்தான் ஒரு மணி நேரம் பேசுவார். "நமது நிலைப்பாடு நடுநிலை. அந்த நடுநிலை எந்தப் பக்கமும் சாயத் தயாராக இருக்கிறது" என்று முடிப்பார். பத்திரிகைக்காரர்கள் அதை எழுதிக்கொள்வார்கள்.

எத்திராஜுக்கு இதெல்லாம் தேவையில்லாத பேச்சு. அவனுக்கு வேண்டியது நூம்பலில் இருக்கிற அந்த ஒற்றை அறை வீடு. மண்ணூர்பேட்டையில் அப்துல் ரசாக்கின் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் அவன். அந்த மெஷின் ஒரு நாள் அவன் இடது கையில் இரண்டு விரலை வாங்கிக்கொண்டது. அதற்கு வந்த நஷ்டஈட்டோடு, முகப்பேரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மனைவி அஞ்சலையின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து நாலு லட்சம் முன்பணம் கட்டித்தான் அந்த வீட்டை வாங்கினார்கள். "ரெண்டு வெரலுக்கு ஒரு ஊடு. அஞ்சும் போயிருந்தா மாடி கட்டியிருப்போம்" என்று எத்திராஜ் சொல்லிச் சிரிப்பான். அஞ்சலை சிரிக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் கையில் பதில்களைப் பதிந்துகொள்ளும் மெஷினோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சௌம்யா, மக்களிடம் கேள்வி கேட்கும் வேலை என்றாள்.

நூம்பலில் கையில் மெஷினோடு ஒரு பெண் வந்தால் அது வெள்ள நிவாரணம். போன வெள்ளத்தின்போது இடுப்பளவு தண்ணீர் என்று சொன்னவர்களுக்கெல்லாம் பணம் வந்தது. முழங்கால் அளவு என்று உள்ளதைச் சொன்ன எதிர்வீட்டு முனியம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் முழங்கால் சொல்வதில்லை.

"அக்கா, அடுத்த மூணு மாசத்துல விலைவாசி எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?"

அஞ்சலை புருஷனைப் பார்த்தாள். அவன் சத்தமில்லாமல் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான்.

"ஏறும்மா. கண்டபடிக்கு ஏறும்."

"எத்தனை சதவீதம்?"

"மத்த ஊட்ல எவ்ளோ சொன்னாங்கோ?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. நீங்களா சொல்லணும்."

"முப்பது போடு."

"முப்பதா?"

"பத்தலன்னா நாப்பது போட்டுக்க. எங்குளுக்கு ஒண்ணும் இல்ல."

சௌம்யா முப்பதே போட்டாள். அஞ்சலை அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "எப்பம்மா வரும்?"

"என்னக்கா?"

"துட்டு."

"இதுல பணமெல்லாம் கிடையாதுக்கா. உங்க எதிர்பார்ப்பு என்னன்னு மட்டும்தான் கேக்கறாங்க."

"துட்டு வரும்னுதாம்மா எங்க எதிர்பார்ப்பு. அத எழுதினியா?"

அதற்கு மெஷினில் இடமில்லை.

சௌம்யாவுக்குக் கொடுத்திருந்தது நூறு வீடு. முகப்பேர் அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் கேட்டைத் தாண்ட விடவில்லை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். பூந்தமல்லியில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். கதவைத் திறந்து மோர் கொடுத்தது ஒரே வீடு. நிரப்பிய வீட்டுக்குத்தான் அவளுக்குக் கூலி. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, அஞ்சலை சொன்னதையே மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் போட்டு அனுப்பிவிட்டாள்.

அடுத்த கூட்டம் முடிந்து கதவு திறந்தபோது எத்திராஜ் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் இருந்தான். டி.வி.யில் பக்தவத்சலம் முகம் வாடியிருந்தது.

"சென்னையின் மேற்குப் புறநகரில் மக்களின் விலை எதிர்பார்ப்பு நங்கூரத்தை அறுத்துக்கொண்டுவிட்டது. விலை ஏறும் என்று மக்கள் நினைத்தால் விலை ஏறிவிடும். எனவே வட்டியை அரை சதவீதம் உயர்த்துகிறோம்."

எத்திராஜ் கிளாஸை வைத்தான். "எவனோ நம்ம ஏரியாக்காரன் வாய வெச்சுகினு சும்மா கெடக்காம எதையோ ஒளறிக் கீறான் பாரு. அவன் மட்டும் என் கையில மாட்டினான்..."

அரை ஏறியதும் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதலில் அப்துல் ரசாக் ஓவர்டைமை நிறுத்தினார். எத்திராஜின் தவணையில் பாதி ஓவர்டைமில்தான் போய்க்கொண்டிருந்தது.

"பாய், ராத்திரி ஷிப்டு இல்லேன்னா நான் எங்க போவேன்?"

"நான் எங்க போறதுன்னு முதல்ல சொல்லு எத்திராஜ். வெளிநாட்டுக்காரன் நம்ம சாமானுக்கு வரி போடுவேன்றான். மறுநாள் போடலேன்றான். அதுக்கு அடுத்த நாள் யோசிக்கிறேன்றான். இந்தக் குழப்பத்துல கம்பெனிக்காரன் ஆர்டரையே நிறுத்தி வெச்சிருக்கான். சரி, ரெண்டு மாசம் தாக்குப் பிடிப்போம்னு பேங்க்ல போய் நின்னா எனக்கும் வட்டி ஏறிடுச்சுன்றான். நாடே என்ன ஆகும்னு தெரியாம நிக்குது. இவங்களுக்கு ஏத்தறதுக்கு இந்த நேரம்தான் கிடைச்சுதா?"

விலை மட்டும் வட்டிக்குப் பயப்படவில்லை. எங்கேயோ மழை அடித்து வெங்காயம் அழுகி, கிலோ இரண்டு மடங்காகியது. கேஸ் ஏறியது. டீக்கடைக்காரர் தானும் கடன்காரர் என்று சொல்லி கிளாஸுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். எத்திராஜ் ஒரு தவணை விட்டான். அடுத்ததும் விட்டான்.

அப்போதுதான் சௌம்யா மறுபடி வந்தாள். இந்தத் தடவை மெஷின் இல்லை. அழுதிருந்தாள். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

எத்திராஜ் அஞ்சலையைப் பார்த்தான். "அப்ப வட்டிய ஏத்தினது நம்ப ஊடா?"

"இடுப்பத் தொட்டுக் காட்டினியே, அனுபவி" என்றாள் அஞ்சலை. பிறகு சௌம்யாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நாடு பூரா வட்டி ஏத்துறதுக்கு முந்தி, அங்க படிச்சவன் ஒருத்தன்கூட, முப்பதுன்றது இன்னா கணக்குன்னு கேக்கலியா?"

"நூறு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க, அதனால கணக்கு ரொம்ப சுத்தமா இருக்குன்னு பாராட்டினாங்கக்கா. உங்க வட்டாரத்துக்கு முகாம் வெச்சிருக்காங்க. கண்டிப்பா வாங்க. எதிர்பார்ப்ப சரியாச் சொன்னா வட்டி இறங்கும்னு சொல்றாங்க."

முகாம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் 'எதிர்பார்ப்பு நங்கூரமிடும் முகாம்' என்று பலகை. கடல் இல்லாத ஊரில் நங்கூரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். மேடையில் பக்தவத்சலமே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

"அன்பு மக்களே, நமது கொள்கை சிறப்பாக வேலை செய்கிறது. விலை இறங்கினால், அது கொள்கையால் இறங்கியது. விலை ஏறினால், கொள்கை இல்லாதிருந்தால் இன்னும் ஏறியிருக்கும். விலை நின்ற இடத்தில் நின்றால், அது கொள்கை பிடித்து நிறுத்தியது. உலகம் நிச்சயமற்ற நிலையில் இருக்கிறது. என்ன நடக்கும் என்று எங்களுக்கும் தெரியாது. தெரியாது என்பதை நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். அந்த உறுதிதான் சந்தைக்குத் தேவை."

கை தட்டினார்கள். எத்திராஜ் எழுந்தான்.

"ஐயா, வெங்காயம் மழையில அழுகிப்போச்சு. அதுக்கு என் ஊட்டுக் கடன் வட்டிய ஏத்தினா வெங்காயம் எப்டி ஐயா மொளைக்கும்?"

பக்தவத்சலம் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. வெங்காயம் முளைக்காது. ஆனால் வட்டி ஏறினால் உங்கள் கையில் பணம் இருக்காது. பணம் இல்லாவிட்டால் நீங்கள் வெங்காயம் வாங்க மாட்டீர்கள். எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் விலை இறங்கும்."

"வெல எறங்கினதும் நாங்க வாங்கலாமா?"

"வாங்கினால் மறுபடி ஏறும். அப்போது நாங்கள் மறுபடி வருவோம்."

அஞ்சலை உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "அப்ப நாங்க துன்னாம இருக்கிறதுதான் உங்க மருந்தா?"

"அம்மா, அதற்குத் தேவை மேலாண்மை என்று பெயர். ஒரு காலாண்டு சிரமப்பட்டால் போதும். நாங்களும் சிரமப்படுகிறோம். இந்த முகாமுக்குக்கூட ஒரு இனிப்பைக் குறைத்துவிட்டோம்."

பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கையை நெஞ்சில் வைத்து, "விலை நாலு சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று நான் நம்புகிறேன்" என்று மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். பந்தியில் சாம்பாரில் வெங்காயம் இல்லை. கொள்கை அங்கே நன்றாக வேலை செய்திருந்தது.

அடுத்த கணக்கெடுப்புக்கு சௌம்யாவோடு ஒரு மேலதிகாரியும் வந்து நின்றார். அஞ்சலை அன்று காலையில்தான் கால் கிலோ வெங்காயத்தை கடைக்காரனோடு சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

"விலைவாசி எத்தனை சதவீதம் ஏறும்னு நினைக்கிறீங்க?"

உள்ளதைச் சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. வீட்டுச் சுவரைப் பார்த்தாள். "நாலு" என்றாள்.

மேலதிகாரி கைகூப்பினார். அந்த மாசக் கூட்டம் முடிந்து கதவு திறந்தபோது பக்தவத்சலம் முகத்தில் அப்படியொரு களை. "நங்கூரம் பிடித்துவிட்டது. வட்டியைக் கால் சதவீதம் குறைக்கிறோம்" என்றார். நிழற்குடை நிறுவனத்தின் வாசலில் 'வட்டி குறைந்தது! இன்றே வீடு வாங்குங்கள்!' என்று வாழைமரம் கட்டி பேனர் வைத்தார்கள். எத்திராஜ் படியை இரண்டிரண்டாக ஏறினான்.

"சார், கால் கொறைஞ்சிடுச்சாமே. எனுக்கு எவ்ளோ சார்?"

கோகுல்நாத் கம்ப்யூட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார். "உங்களுக்குக் கால் ஏறியிருக்கு."

"சார்?"

"பொறுமையாக் கேளுங்க. மேல குறைச்சது கால். ஆனா நீங்க தவணை விட்டுட்டீங்க. தவணை விட்டவரு ஆபத்தான வாடிக்கையாளர். அதுக்காக அரை கூட்டினோம். அரையில கால் போனா மீதி கால்."

"தவணைய ஏன் சார் உட்டேன்? ஓவர்டைம் போச்சு. ஓவர்டைம் ஏன் போச்சு? நீங்க வட்டிய ஏத்தினீங்கோ."

"மன்றம் ஏத்துச்சு."

"ஏறினது மட்டும் அன்னிக்கே வந்து சேந்துச்சே?"

"ஏத்தறப்போ கம்ப்யூட்டர் தானா ஏத்திக்கும். இறக்கணும்னா நீங்க விண்ணப்பம் குடுக்கணும். அதுக்குக் கட்டணம் இருக்கு. தவணை பாக்கி இருந்தா விண்ணப்பம் எடுத்துக்க மாட்டோம்."

"அப்ப வெளிய பேனர்ல கொறைஞ்சுதுன்னு போட்டுக்கீறீங்களே, அது யாருக்கு?"

"புதுசா வர்றவங்களுக்கு" என்றார் கோகுல்நாத். அவருக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று வீட்டில் அஞ்சலை பாத்திரத்தை எடுத்து வைத்த சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது. "பொய் சொன்னா ஏத்துறான். உண்மைய முழுங்கினா எறக்கறேன்னு ஏத்துறான். உன் கையில கெடந்த வெரல வித்து வாங்கின ஊடுய்யா இது. அந்தாளு சட்டை மடிப்பு கலையாம வந்து, துன்னாதேன்றான். நானும் நெஞ்சுல கைய வெச்சு மூணு வாட்டி சொன்னேனே, என்ன செருப்பால அடி."

பட்டறையில் அந்த மாசத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை.

மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்தது. நோட்டீஸ் வந்தது. பிறகு சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதினார்கள். பிறகு பூட்டுப் போட்டார்கள். எத்திராஜும் அஞ்சலையும் மண்ணூர்பேட்டையில் பட்டறைக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்கு மாறினார்கள். வீடு ஏலத்துக்குப் போனது. எடுத்தவன் ஸ்ரீநாத். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஏலம் எடுக்க அவனுக்குக் கடன் கொடுத்ததும் அதே நிழற்குடைதான், பேனரில் போட்டிருந்த அதே குறைந்த வட்டிக்கு. குறைந்த கால் சதவீதம் கடைசியில் நூம்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆள்தான் வேறு.

ஏலத் தொகை கடனுக்குச் சரியாக இருந்தது. ஆனால் வக்கீல் செலவு, விளம்பரச் செலவு, சிவப்புப் பெயிண்ட், பூட்டு எல்லாம் எத்திராஜின் கணக்கில் சேர்த்ததும் எழுநூற்று நாற்பது ரூபாய் குறைந்தது. அந்த எழுநூற்று நாற்பதுக்காக அவர்களை வரச் சொல்லி ஆள் வந்தது. கட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அஞ்சலை வேலை பார்க்கிற வீட்டு அம்மாவிடம் சம்பளத்தில் முன்பணம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போனால் நிழற்குடை வாசலில் பந்தல். நாற்காலி, மாலை, மைக். மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் எத்திராஜின் படம்: கடன் வாங்கியபோது எடுத்தது. கீழே அவன் பெயர், அப்பன் பெயர், ஊர். மேலே 'மன்றத்தின் கருணைத் தள்ளுபடி விழா'. முன்வரிசையில் உட்கார வைத்திருந்த ஸ்ரீநாத் இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

பக்தவத்சலம் மைக்கைப் பிடித்தார்.

"கொள்கை மக்களைச் சென்று சேரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் நூம்பலுக்குப் போய்ப் பார்க்கட்டும். வட்டியை ஏற்றினோம், அங்கே ஒரு வீட்டில் செலவு நின்றது, அடுப்பெரிவது குறைந்தது, வீடே காலியானது. வட்டியைக் குறைத்தோம், அதே வீட்டுக்குப் புதுக் கடன் பிறந்தது, புது ஆள் குடிவந்தார். ஏற்றியதும் வேலை செய்தது, இறக்கியதும் வேலை செய்தது, இரண்டும் ஒரே வீட்டில்! இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடப் புத்தகத்தில்கூட இல்லை. இதற்கு உதவிய திரு. எத்திராஜ் அவர்களின் மிச்சக் கடன் எழுநூற்று நாற்பது ரூபாயை இன்று முழுமையாகத் தள்ளுபடி செய்கிறோம்."

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, குரலைக் கொஞ்சம் இறக்கினார். "இன்றே ஒரு பெரிய தொழில் குழுமத்தின் ஆயிரத்து நூறு கோடிக் கடனும் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் முதலாளி பெயரைச் சொல்வது முறையல்ல. அவருக்கு ஒரு கௌரவம் இருக்கிறது."

கோகுல்நாத் ஒரு மாலையோடு எத்திராஜை நோக்கி வந்தார். அஞ்சலை நடுவில் போய் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேடை மேஜையில் பணத்தை வைத்தாள். ஒரு ஐந்நூறு, இரண்டு நூறு, நாலு பத்து.

"எண்ணிக்கோ சார்."

"அம்மா, தள்ளுபடி ஆயிடுச்சு. நீங்க கட்ட வேணாம்."

"எங்க ஊட்ட எட்துகினு, நீங்க எங்கள மன்னிக்கிறீங்களா? வாணாம். இந்த ஆளு கடன்காரன்னு படம் போட்டு ஊருக்கே காட்டிட்ட இல்ல, இப்ப கட்டிட்டான்னு ரசீது போடு."

"ரசீது போட்டா தள்ளுபடிக் கணக்கு உதைக்கும்மா. மேல அனுப்பியாச்சு."

"உதைக்கட்டும்."

"மன்றத் தலைவர் உக்காந்திருக்காரு..."

"அவருக்கு வேணும்னா அவருக்கும் ஒரு ரசீது போடு. ரசீது வாங்காம இந்த எடத்த உட்டு நான் நகர மாட்டேன்."

எத்திராஜ் வந்து அவள் பக்கத்தில் நின்றான். "போடு சார். கௌரவம் எங்குளுக்கும் கீது" என்றான்.

போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். கோகுல்நாத் ஒரு தடவை மேடையைப் பார்த்தார், ஒரு தடவை பணத்தைப் பார்த்தார். பிறகு மாலையை நாற்காலி மேல் வைத்துவிட்டு, மாடிக்குப் போய் ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்து எழுதினார். பாக்கி ஒன்றுமில்லை என்று எழுதி, முத்திரையை ஊதி அழுத்திக் குத்தி, கிழித்துக் கொடுத்தார். அஞ்சலை அதை வாங்கி எத்திராஜிடம் கொடுத்தாள். அவன் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இருவரும் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து பந்தலைவிட்டு வெளியே போனார்கள்.

மேடையில் பக்தவத்சலம் மைக்கைப் பிடித்தபடியே, அடுத்து யாரை மன்னிப்பது என்று கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பெயரைச் சொல்லி மன்னிக்கக்கூடிய ஆள் அதில் வேறு யாரும் இல்லை.